வேப்பமரத்தடி லட்சுமி

நம்ம குவார்ட்டர்ஸ் பிள்ளைகளே! பிள்ளைகள் என்றுதான் சொல்வேன். போன மாதம் கூடியபோது பார்த்தேன், பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை, வாய் மட்டும் எல்லாருக்கும் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பிக்கொண்டிருக்கிற உங்களுக்கு இன்றைக்கு நீளமாக ஒன்று எழுதப்போகிறேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

கிள்ளான் பக்கத்து மேருவில் நான் இருக்கிற அடுக்குமாடியில், கீழ்த்தளத்து லிப்ட் பக்கத்தில், நாலு நாளைக்கு முன்னால் யாரோ ஒரு பிள்ளையார் படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சட்டத்தில் ஒரு மூலை பெயர்ந்த படம். மறுநாள் பக்கத்தில் ஒரு முருகன். அதற்கு மறுநாள் ஒரு பை நிறையக் காய்ந்த மாலை. நேற்று ஓடாத மின்விசிறி, கால் உடைந்த குழந்தை நாற்காலி, பீட்சா டப்பா. மாப் போட்ட ஈரம் பிள்ளையாரைச் சுற்றி வளைந்து போயிருந்தது. துப்புரவு செய்கிற இந்தோனேசிய அம்மா நம் சாமியைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் சுற்றித் துடைத்திருக்கிறார். இன்று காலை குடியிருப்பாளர் குழுவில் செய்தி வந்துவிட்டது. கிளீனர் சரியில்லை, கம்பெனிக்குக் கடிதம் எழுதுவோம், ஆளை மாற்றச் சொல்வோம் என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

எனக்குக் காப்பி இறங்கவில்லை. பத்து வயதில் நான் செய்த ஒரு காரியம் முன்னால் வந்து நின்றுகொண்டது. உங்களில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்த மூன்று பேரில் ஒருவர் இப்போது இல்லை, ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. மூன்றாவது ஆள் நான்.

பிரிக்பீல்ட்ஸில் நம் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின் சந்து ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் வீடுகளின் பின்வாசல், நடுவில் லோங்காங் சாக்கடை, அதில் ஓடுகிற சோப்புத் தண்ணீர், திருப்பத்தில் அந்த வேப்பமரம். மத்தியானம் மூன்று மணிக்கு எல்லார் வீட்டுச் சாம்பாரும் ஒன்றாக மணக்கும். ரயில் போனால் கொடியில் கிடக்கிற துணி ஆடும். வெறுங்காலோடு ஓடுவோம், ஒரு கண்ணாடித் துண்டு குத்தியதில்லை. அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம் தானாக வந்தது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம், மழை வெயில் மாதிரி.

தானாக வரவில்லை. காலை ஆறரைக்குக் கூட்டுற அக்கா வருவார். அவர் பெயர் என்ன என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. முழங்கால் வரைக்கும் ரப்பர் கம்பூட்டு, தலையில் துண்டு, ஒரு தள்ளுவண்டி, அவர் உயரத்துக்கு ஈர்க்குமாறு. திருப்பத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து எங்கள் பின்வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். அம்மா காப்பி கொடுப்பாள். அவருக்கென்று ஒரு பச்சை மங்கு, ஜன்னலுக்கு வெளிப்பக்கத்துக் கட்டையில் கவிழ்த்து வைத்திருக்கும். அது ஏன் வெளியிலேயே இருக்கிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன், என்ன பிரயோஜனம்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா ஒரு நாள் சிரித்த முகமாக நின்றார்.

"அம்மா, இந்த வருசக் கடைசி வரைக்கும் ஒரு கம்ப்ளெய்னும் வரலன்னா என்னைப் பெர்மனென்ட் பண்ணிடுவாங்களாம். மண்டோரு சொன்னாரு."

மண்டோர் என்பவர் அவருக்கு மேலாள். சைக்கிளில் வந்து இறங்காமலே கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்.

"நல்லதுதானே," என்றாள் அம்மா.

"பெர்மனென்ட் ஆனா ரூம் குடுப்பாங்கம்மா. போர்ட் கிள்ளான்ல அக்கா வீட்டுல விட்டு வச்சிருக்கேனே, பிள்ளைய, கூட்டியாந்துடலாம். ஜனவரியில பாப்பா படிக்கிற ஸ்கூல்லயே போட்டுடுவேன்." பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, ஒம் பக்கத்துல எடம் புடிச்சு வைப்பியா?"

அவருக்குக் கணவர் இல்லை. தங்கியிருந்தது இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில். மகளை மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவளும் என் வயதுதான். நான் தலையை வேகமாக ஆட்டினேன். அக்கா மீதிக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மங்கைக் கழுவிக் கவிழ்த்தார்.

அதே வாரக் கடைசியில் அப்பா வீட்டுக்குச் சாயம் அடித்தார். நாற்காலி மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் அப்பா. அந்தக் கட்டடக் கலையின் முடிவு உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி மாடத்தில் இருந்த லட்சுமி படத்தின் கண்ணாடிதான் குறுக்கே விரிசல் விட்டது. அம்மாவின் கல்யாணத்துக்குப் பெரிய மாமா கொடுத்த படம். அப்பா கண்ணாடி மட்டும் மாற்றலாம் என்றார். விரிசல் விட்ட படம் தீபாவளி நேரத்தில் வீட்டில் இருக்கவே கூடாது என்று அம்மா அழாத குறையாகச் சொன்னாள்.

சாமி படத்தைக் குப்பையில் போடுவதில்லை நாம். கோயிலின் பின்னால் ஓர் அரசமரம் உண்டு, அதனடியில் வைத்தால் பண்டாரம் சேர்த்துக் கொண்டுபோய் ஆற்றில் விடுவார். அம்மா படத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "நேரா கோயிலுக்குப் போ. கும்பிட்டு வச்சிட்டு வா."

அன்று சனிக்கிழமை. டிக்கெட் அங்கிள் வீட்டு டிவியில் வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற தமிழ்ப் படம் தொடங்க இன்னும் பத்து நிமிடம். டிக்கெட் அங்கிள் ரயிலில் டிக்கெட் சோதிக்கிறவர், படம் தொடங்கிய பிறகு கதவைத் திறக்க மாட்டார். கோயிலுக்குப் போய் வர அரை மணி நேரம் ஆகும். நான் சந்தின் திருப்பத்தில் நின்றேன். வேப்பமரமும் சாமி மரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணியை உருவி மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு, லட்சுமியை மரத்தில் சாய்த்து வைத்து, ஒழுங்காகக் கும்பிட்டும் வைத்தேன். பிறகு ஓடினேன். முதல் பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். என்ன படம் என்று இன்று கேட்டால் தெரியாது.

ஞாயிறு அக்காவுக்கு ஓய்வு. திங்கள் காலை பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா மரத்தடிக்கு வந்து ஈர்க்குமாற்றைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படத்தை எடுத்தார். திருப்பிப் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டை நோக்கி நடந்து வந்தார். என் வாயில் இருந்த பற்பசை நுரை உள்ளே போய்விட்டது.

அவர் எங்கள் பின்வாசலுக்கு வந்து சேரவில்லை. டிக்கெட் ஆன்டி துணி காயப்போட வந்தவர் பார்த்துவிட்டார்.

"ஏய், என்ன இது! குப்ப அள்ளுற கையால சாமி படத்தத் தொடுறியா? அறிவில்ல ஒனக்கு?"

"இல்லம்மா, இது வந்து…"

"ஒண்ணும் வேணாம். எங்க எடுத்தியோ அங்கயே கொண்டு போய் வையி. பக்தியா யாரோ மரத்தடியில வச்சிருக்காங்க. ஒன் வேல கூட்டுறது, அத மட்டும் பாரு லா!"

அக்கா எங்கள் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது படம் மரத்தடியில் இருந்தது. அக்கா அதைச் சுற்றி, அரை வட்டமாக, சருகு ஒன்றுகூட விடாமல் கூட்டிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். ஓர் அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் ஒழிக்கிற வேலை நடந்த சமயம் அது. எல்லார் வீட்டு லட்சுமியும் ஒரே அச்சு என்பதால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை லட்சுமிக்குப் பக்கத்தில் ஒரு சிவன் வந்துவிட்டார், கரையான் அரித்தவர். பிறகு பழைய காலண்டர் சாமிகள். எல்லாரும் அங்கே வைப்பதுதான் வழக்கம் போல என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். கோயில் வரைக்கும் நடக்கிற வேலை மிச்சம். சாமி படத்தோடு பழைய பூஜைத் தட்டு வந்தது. தட்டு வந்ததால் அது இருந்த பலகை வந்தது. பலகை வந்த பிறகு, அதுவும் மரச்சாமான் இதுவும் மரச்சாமான் என்று ஒரு மூன்றுகால் முக்காலி. முக்காலிக்கு அப்புறம் சாமிக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விட்டது. மெத்தை வந்தது. மீன் முள் கட்டிய பொட்டலம் வந்தது.

டிக்கெட் இல்லாமல் ஏறினால் சொந்த மச்சானையே இறக்கிவிடுகிற டிக்கெட் அங்கிள், ஒரு நாள் மாலை கிழிந்த கித்தான் செருப்பைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மெத்தை மேல் போட்டுவிட்டு நடந்தார். நானே பார்த்தேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்து சுத்தமாக இருந்தபோது அவர் தீக்குச்சியைக்கூட அணைத்துப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு மெத்தையைப் பார்த்த பிறகு செருப்பு அவருக்குச் சின்னதாகத் தெரிந்திருக்கிறது.

நாம் மட்டும் யோக்கியமா? சந்து விளக்கைக் கவட்டையால் அடித்து உடைத்தது யார்? பெயர் சொல்ல மாட்டேன், இப்போது ஷா ஆலமில் பெரிய வக்கீல். சுவரில் கரியால் கெட்ட வார்த்தை எழுதியது யார்? எழுத்துப் பிழையோடு எழுதியதால் எல்லாருக்கும் தெரியும். எச்சில் துப்பாதவர்கள் துப்பினார்கள், நாயைக் கட்டிவைத்தவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். யாரும் கூடிப் பேசித் திட்டம் போடவில்லை. நமக்கு முன்னால் ஒருவர் செய்திருந்தார், அது போதுமாக இருந்தது.

அக்கா காலை ஐந்தரைக்கே வர ஆரம்பித்தார். மெத்தையையும் முக்காலியையும் ஒற்றை ஆளாக இழுத்து வண்டியில் ஏற்றுவார். மறுநாள் வேறு மெத்தை இருக்கும். நடுவில் இருந்த சாமிகளை மட்டும் அவர் தொடவில்லை, தொட்டால் வசவு விழும் என்று தெரியும். சாமி இருக்கிறவரை அந்த இடத்தைக் காலி செய்யவும் முடியாது. ஒரு நாள் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அக்கா பின்வாசலில் வந்து நின்றார்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் கேப்பாங்க. சாமி படத்தயெல்லாம் கோயிலுக்குக் கொண்டு போயிட்டா மீதிய நான் பாத்துக்குவேன்."

"தீபாவளி முடியட்டும், பாப்போம்," என்றார் அப்பா. அப்பா கெட்டவர் இல்லை. எதையும் பார்ப்போம் என்று சொல்கிறவர்.

தீபாவளிக்கு அக்காவின் மகள் வந்தாள். மாம்பழ நிறத்தில் புதுப் பாவாடை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. எங்கள் பின்வாசலில் உட்கார்ந்து இருவரும் முறுக்குத் தின்றோம். போர்ட் கிள்ளானில் கப்பல் சங்கு ஊதினால் பெரியம்மா வீட்டுத் தகரம் அதிரும் என்றாள். ராத்திரி அம்மா ஞாபகம் வந்தால் அந்தச் சங்குக்காகக் காத்திருப்பாளாம், அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காதாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு கேட்டாள், "ஒங்க கிளாஸ்ல ஜன்னல் பக்கம் எடம் இருக்கா?"

"இருக்கு. நான் புடிச்சி வைக்கிறேன்," என்றேன். வேப்பமரம் அங்கிருந்து இருபது அடி தூரம். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. குவியல் ஊறி நாற ஆரம்பித்தது. எலி வந்தது, கொசு வந்தது. அப்போதுதான் நம் பெரியவர்கள் கூடினார்கள். டிக்கெட் அங்கிள் வீட்டு முன்னறையில், மிக்சர் தட்டைச் சுற்றி. யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சுற்றி வந்து எல்லார் மடியிலும் விழும். கூட்டுகிறவள் சரியில்லை என்று முடிவானது. "முந்தி எப்படி இருந்துச்சு, இப்ப பாரு. பெர்மனென்ட் ஆகப்போற திமிரு," என்றார் டிக்கெட் ஆன்டி.

மலாய் மொழியில் நன்றாக எழுதுகிறவர் என்று, புகார்க் கடிதம் எழுத அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தார்கள். எழுதுவதற்குச் சங்கடப்பட்டார், எழுதிக்கொடுத்தார். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போக ஓர் ஆள் வேண்டுமே. என்னை அனுப்பினார்கள்.

போனேன், பிள்ளைகளே. உங்கள் வீட்டுக்கெல்லாம் நான்தான் வந்தேன். பதினெட்டு வீடு. சில வீடுகளில் பிஸ்கட் கொடுத்தார்கள். கடைசியாக எங்கள் வீடு. அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் கட்டையில் இருந்த பச்சை மங்கைப் பார்த்தாள். "எல்லாரும் போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போட்டாள்.

'நான்தான் முதலில் வைத்தேன்' என்று சொல்ல அந்தப் பதினெட்டு வாசலிலும் எனக்கு வாய் இருந்தது. இதைவிட நேராகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் நடுவில் மண்டோர் வந்து, அந்த ஒரு தடவை சைக்கிளை விட்டு இறங்கினார். அக்கா கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பெர்மனென்ட் இல்லை. மாதக் கடைசியோடு இந்த வேலையும் இல்லை.

அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கடைசி வாரத்தில் ஒரு நாள் வண்டியையும் ஈர்க்குமாற்றையும் கொண்டுவராமல், குளித்து, தலையில் ஈரத்துண்டோடு, நெற்றியில் திருநீற்றோடு வந்தார். ஒரு பழைய சேலையை மரத்தடியில் விரித்து, ஊறிப்போன சாமிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் அடுக்கினார். டிக்கெட் ஆன்டி கொடியடியில் நின்று பார்த்தார். இந்தத் தடவை ஈரத்துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா மூட்டையைக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். சாமி போன பிறகு மிச்சம் இருந்தது வெறும் குப்பை. அதை இன்னொரு நாள் ஒரே காலையில் அள்ளித் தள்ளிவிட்டார். வேலை போன பிறகும் சந்தைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

போகிற அன்று எங்கள் பின்வாசலில் நின்றார். அம்மா முன்பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று.

"மத்த சாமியெல்லாம் போர்ட் கிள்ளான்ல கடல்ல விட்டுட்டேன் பாப்பா. இத மட்டும் விட மனசு வரல. பின்னால ஒங்க அம்மா அப்பா பேரு எழுதியிருக்கு. கல்யாணப் படம். கண்ணாடிய எடுத்துட்டேன், கையக் கிழிச்சிடும்."

அவருக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தாராம். எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அக்கா, முன்னாடியே தெரியுமா?"

"மொத நாளே தெரியும். குடுக்கத்தான் வந்தேன்." ஜன்னல் கட்டையில் இருந்த மங்கைப் பார்த்தார். "அப்புறம் சொன்னா அம்மாவுக்கு அசிங்கமாப் போயிடும். தெனமும் காப்பி குடுத்த வீடு."

என் தலையில் கை வைக்க வந்தவர், கையை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். "நல்லாப் படி பாப்பா" என்றார். கம்பூட்டு இல்லாமல், ஜப்பான் சிலிப்பரில், சந்தின் திருப்பம் வரை நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா வந்து பொட்டலத்தைப் பிரித்தாள். லட்சுமியின் கால்வரை தண்ணீர் ஏறிய கறை. திருப்பினாள். மாமாவின் கையெழுத்து, மணமக்களுக்கு அன்பளிப்பு, அவள் பெயர், அப்பா பெயர். என் முகத்தைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கவில்லை. "அவ வந்தாளா? உள்ள கூப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். சந்துக்கு ஓடினாள். தனியாகத் திரும்பி வந்து, ஜன்னல் கட்டையில் இருந்த பச்சை மங்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுக்களைக்குள் எங்கள் மங்குகளோடு வைத்தாள். அதில் யாரும் குடித்ததில்லை. அம்மா இருக்கும்வரை அது அங்கேயே இருந்தது. அப்பாவிடம் இதை அவள் சொல்லவே இல்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, பையை வைத்துக் காத்திருந்தேன். அவள் வர மாட்டாள் என்று தெரிந்தும் வைத்தேன். ஆசிரியை வந்து பையை எடுக்கச் சொல்லி வேறொரு பிள்ளையை உட்காரவைத்தார். போர்ட் கிள்ளானில் இன்றும் கப்பல் சங்கு கேட்டால் எனக்கு அந்தத் தகர வீடுதான் ஞாபகம் வரும். பெரியவளான பிறகு ஒரு தடவை தேடிப் போனேன். பெயர் தெரியாமல் யாரைத் தேடுவது? கூட்டுற அக்கா என்றா கேட்க முடியும்?

இன்று காலைக்கு வருகிறேன். எதிர்வீட்டுத் தம்பி, கமிட்டியில் இருப்பவர், கம்பெனிக்கு அனுப்பும் கடிதத்தைத் தட்டச்சு செய்து குழுவில் போட்டு, எல்லாரும் பெயர் சேர்த்துவிடுங்கள் என்றிருந்தார். ஒன்பது பெயர் சேர்ந்திருந்தது. நான் லிப்டில் கீழே இறங்கினேன். பிள்ளையாரைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் பெயர் எதுவும் இல்லை. முருகனிடமும் இல்லை. இரண்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்து, துடைத்து, என் லட்சுமிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆமாம், கறையோடு அவள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறாள். நாளைக்கு இவர்கள் இருவரையும் கோயிலில் சேர்த்துவிடுவேன், முட்டிவலியோடாவது நேராகப் போய்.

பிறகு குழுவில் எழுதினேன். 'பிள்ளையார் படத்தை முதலில் வைத்தது நான்தான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வைத்திருப்பார்கள். கிளீனர் மேல் தப்பில்லை. மன்னிக்கவும். கடிதம் வேண்டாம்.'

பொய்தான். அந்தப் பிள்ளையாரை நான் கண்டதே நாலு நாளாகத்தான்.

பிறகு எதிர்வீட்டுத் தம்பி கேட்டார், 'ஆன்டி, நீங்களா?'

ஆமாம் தம்பி, நான்தான் என்று எழுதினேன். அந்தப் பதினெட்டு வீட்டு வாசலில் சொல்ல வேண்டியதை இவ்வளவு வருடம் கழித்து, யாரோ ஒரு பிள்ளையாருக்காகச் சொன்னேன். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. கடிதத்தை அவர் எடுத்துவிட்டார்.